பழைய வீட்டைச் செப்பனிடுதல்: சாமான் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

வீட்டு மராமத்துக்கென்று சங்கத்தில் கடன் பெறும் அங்கத்தினர் முதன்முதலில் எங்கே போகிறார் என்று பார்த்தால், பெரும்பாலும் தரைக்கல் விற்கும் கடைக்கே போகிறார். அடுத்தபடியாக வர்ணக் கடை. கையிலுள்ள தொகையில் பாதி இவ்விரு கடைகளிலும் செலவான பிறகுதான், மச்சில் நீர் கசிவதும், பழைய மின்சாரக் கம்பி நைந்து கிடப்பதும் நினைவுக்கு வருகின்றன. அப்போது மேஸ்திரி ஒட்டுவேலை செய்து கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டாவது ஐப்பசி மழையில் சுவர் உப்புப் பூத்து, வர்ணம் பட்டை பட்டையாக உரிந்து விழுகிறது. வர்ணம் போய்விடுகிறது, அதற்கு வாங்கிய கடனின் வட்டி போவதில்லை.

ஆகையால் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது முக்கியமான கேள்வி, எந்தச் சாமான் அழகாயிருக்கிறது என்பதன்று. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னால் செய்தாலும் நஷ்டமில்லை என்பதேயாகும். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்துபோகிறவற்றை முதலில் திருத்த வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். குழாயை மாற்றுவதற்காக ஒட்டிய தரைக்கல்லைப் பெயர்த்தால் இரண்டு செலவு. பெயர்த்த கல்லுக்கு ஜோடிக் கல் பிறகு கடையில் கிடைப்பதுமில்லை.

இந்த முறை சிவகாசி வட்டாரத்தாருக்குப் புதியதன்று. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையை நினைத்துப் பார்த்தால் போதும். அங்கே தரையில் மணலோ கல் துணுக்கோ இருக்கலாகாது; இரும்பு ஆணி வெளியே தெரியலாகாது; கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தரையும் கதவும் எவ்விதம் அமைய வேண்டுமென்பதை அங்கே காட்சி தீர்மானிப்பதில்லை, அபாயமே தீர்மானிக்கிறது. பகல் முழுவதும் அத்தகைய அறையில் கவனமாக இருக்கிறவர் தம் சொந்த வீட்டில் மட்டும் ஈரக் கையோடு தொடும் ஸ்விட்சைப் பற்றி யோசியாமல், அதற்கு மேலே ஒட்டும் பூக்கல்லைப் பற்றி யோசிப்பது விசித்திரந்தான்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளின் பழைய வீடுகள் பொதுவாக இரண்டு விதம். ஒன்று, உத்தரமும் கட்டையும் போட்டு, அவற்றின்மேல் சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பிட்டு, ஜல்லித் தளம் அமைத்துத் தட்டோடு பதித்த மச்சு வீடு. மற்றொன்று நாட்டு ஓடோ சீமை ஓடோ வேய்ந்த வீடு. சீமை ஓடு என்பது 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டாலை வைத்த பின் தென்னாடெங்கும் பரவிய மங்களூர் ஓடேயாகும். இரண்டு விதத்திலும் சுவர் சுண்ணாம்புச் சாந்தாலோ மண் சாந்தாலோ கட்டப்பட்டது. அஸ்திவாரம் பல ஊர்களில் கரிசலில் நிற்கிறது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனோடு சுவரும் அசையும்.

முதல் செலவு கூரைக்கே. இந்த ஜில்லாவில் மழை குறைவுதான். ஆனால் அதில் பெரும் பகுதி வடகிழக்குப் பருவக்காற்றில் சில வாரங்களுக்குள் கொட்டிவிடுகிறது. மச்சில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குடம் தண்ணீர் போதும். ஊற்றிய நீர் ஜலதாரைத் தூம்பை நோக்கி ஓடாமல் எங்கே தேங்குகிறதோ அங்கேதான் கட்டை இற்றிருக்கும். தூக்கணத்தில் கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைக் கூரிய உளியால் குத்திப் பார்க்க வேண்டும். கரையானும் ஈரமும் முதலில் தாக்குவது அவ்விடத்தைத்தான். உடைந்த தட்டோட்டை மாற்றி, சந்துகளை அடைத்து, தூம்பைச் சுவரைவிட்டு நன்றாக வெளியே நீட்டி வைப்பது பல வீடுகளுக்குப் போதுமானது. பழைய தளத்தின்மேல் கனமாகச் சிமிண்டுக் காங்கிரீட் போடுவதைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பாரம் கட்டைக்கு ஏற்றதன்று. வேலை முடிந்ததும் மேல்தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வெயிலும் ஓரளவு தணியும். வெண்மையான கூரை வெப்பத்தைத் திருப்பியனுப்பும் என்பதற்காகவே தெலங்கானா சர்க்கார் 2023-ல் இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. நம் பாட்டனார் அதைக் கொள்கையில்லாமலே செய்தனர்.

அடுத்தது சுவர். வெடிப்புத் தெரிந்தவுடன் சிமிண்டு கொண்டு அடைப்பது வழக்கம். அதற்கு முன் வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு ஓரத்திலும் சாந்து வைத்து ஒட்டி, தேதியைப் பக்கத்தில் எழுதி, ஒரு கோடையும் ஒரு மழையும் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முறியாதிருந்தால் அது பழைய காயம், அடைத்துவிடலாம். முறிந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சுப் பூசினாலும் நில்லாது. சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வெளியே வாட்டம் விட்டுத் திண்ணையோரம் தளம் போடுவதே அதற்கு முதல் சிகிச்சை.

பூச்சு விஷயத்தில்தான் அதிக நஷ்டம் நேர்கிறது. சுண்ணாம்பும் சிமிண்டும் ஒரே கல்லில் பிறந்தவை. இந்த ஜில்லாவின் சுண்ணாம்புக்கல்லை நம்பியே 1960-களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டியிலும், 1970-ல் ஆலங்குளத்திலும் சிமிண்டு ஆலைகள் ஏற்பட்டன. ஆனால் குணம் வேறு. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துவாரங்கள் உண்டு; தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே காற்றில் கலந்துவிடும். சிமிண்டுப் பூச்சு கடினமானது. ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். அடைபட்ட ஈரம் மேலும் உயர ஏறி, உவர்த் தண்ணீரின் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் படியச் செய்கிறது. அந்த உப்பே பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. ரப்பர் போன்ற பிளாஸ்டிக் வர்ணம் இன்னும் மோசம். ஆதலால் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுவது சிக்கனம் மாத்திரமல்ல, முறையும் ஆகும். சுவர் முழுவதையும் கொத்தவும் வேண்டாம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சப்திக்கும் இடத்தை மட்டும் பெயர்த்துப் பூசினால் போதும். நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் சிறிது வச்சிரமும் நீலமும் சேர்த்து மூன்று தடவை மெல்லியதாக அடிக்க வேண்டும். ஒரே தடவை கனமாக அடித்தது உதிரும்.

பழைய மின்சார வேலையில் மரச் சட்டத்தின்மேல் ஓடும் கம்பியும், பூமி இணைப்பு இல்லாத ஸ்விட்சும் சாதாரணம். இதில் ஒட்டுவேலை கூடாது. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, வெந்நீர்க் கொதிகலனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பூமி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம், இவ்வளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்க வேண்டும். அலங்கார விளக்கைப் பிறகு வாங்கலாம். விசிறி வாங்கும்போது மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நலம். 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். 30 வாட்டில் ஓடும் புதுவித விசிறிக்கு 21.6 யூனிட். விலை அதிகமானதுதான் சில வருஷங்களில் மலிவாகிவிடுகிறது.

குழாயைச் சுவருக்குள் புதைப்பது நாகரிகமாகிவிட்டது. உவர்த் தண்ணீர் ஊர்களில் அது புத்திசாலித்தனமன்று. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். எக்குழாயிலும் உப்பு அடையும். ஆகவே பிளாஸ்டிக் குழாயைச் சுவருக்கு வெளியே ஒழுங்காகக் கவ்வி போட்டு ஓட்டினால், கசிந்த இடத்தை ஐந்து நிமிஷத்தில் கண்டு மாற்றலாம். திருகு குழாய்களிலும் அப்படியே. பளபளப்பான கலவை உலோகத்தை விட, கையில் கனக்கும் பித்தளைக் குழாய், அதுவும் வாசர் மாற்றக்கூடிய பழைய தினுசு, நீண்ட நாள் உழைக்கும். எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1954–1963), விருதுநகரில் தம் தாயார் வீட்டுக்குப் போடப்பட்ட தனிக் குழாயை எடுத்துவிடச் சொன்னார் என்று அவ்வூரார் சொல்வதுண்டு. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்ட காலத்தில் அவ்வளவு வேண்டாம். ஆனால் சில நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில் ஏழு குழாய் வைப்பதைவிட ஒரு தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது மேல்.

கக்கூஸுக்கும் இதே கணக்குத்தான். கடைகளில் 'ரூரல் பேன்' எனப்படும், சரிவு அதிகமான பீங்கானுக்கு ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் நீர் ஊற்றினால் போதும். சங்கிலித் தொட்டி வைத்த தினுசில் பத்து லிட்டர் வரை போகிறது. ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு 20 தடவை என்று வைத்துக்கொண்டால், 40 லிட்டருக்கும் 200 லிட்டருக்குமுள்ள வித்தியாசம். மூடிய குழி இரண்டு இருந்தால் ஒன்று நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிடலாம்; இரண்டு வருஷம் ஆறிய குழியிலிருப்பது உரமாக மாறிவிடும். கிணற்றிலிருந்து குழி குறைந்தது 10 மீட்டராவது தள்ளியிருத்தல் அவசியம்.

பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டில், புழக்கடையில் இருக்கும் பழைய துவைகல்லையும் குளிக்கும் மேடையையும் இடித்து அறை கட்டுவது பெருந்தவறு. அலுமினியப் பொடியும் கந்தகமும் படிந்த துணியோடு வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்குவதற்குமுன் கை கால் கழுவி உடை மாற்றும் இடம் அதுவேயாகும். முடிந்தால் அதற்கு ஒரு தட்டியும் குழாயும் வைத்து, வாசல் வழியாகவன்றிப் பக்கச் சந்து வழியாக வரும்படி செய்துகொள்ள வேண்டும். வீட்டில் ஓர் அறையைக் 'கொஞ்சம் சரவெடி பின்ன' ஒதுக்குவது, 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்துக்கு விரோதமென்பது ஒருபுறமிருக்க, பக்கத்து வீடுகளையும் பணயம் வைப்பதாகும். அதற்கு எந்தச் சங்கமும் கடன் கொடாது.

பழைய கதவு, நிலை, ஜன்னல்களை மரக்கடைக்குப் போட்டுவிட்டு இரும்புக் கதவும் ஒட்டுப்பலகைக் கதவும் வைப்போர் அநேகர். முற்றிய தேக்கும் வேம்பும் அதே விலைக்குத் திரும்பக் கிடையா. கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய லாரி பேக்கர் (1917–2007) இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தேடி வாங்கிப் பொருத்துவார். நம்மவர் இருக்கிறதை விற்கிறார்கள். கீலையும் நாதாங்கியையும் மாற்றி, அடிப்பக்கம் இற்ற பலகையை ஒட்டுப்போட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவினால் அந்தக் கதவு இன்னொரு தலைமுறைக்கு வரும். ஒரு ஜாக்கிரதை மட்டும் தேவை: பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தும் விதி 2016-ல்தான் செய்யப்பட்டு 2017-ல் அமலுக்கு வந்தது. ஆகவே உலர்ந்தபடி சுரண்டாமல், நனைத்துத் தேய்த்து, கழிவை வாரிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விட வேண்டும்.

தரை கடைசியில் வருகிறது. பழைய சிவப்புச் சிமிண்டுத் தரை வெடித்திருந்தாலும் மட்டம் சரியாக இருந்தால் அதையே அடைத்து மெருகிடலாம். புதிதாகப் போடுவதானால் கரிசல் மண்ணில் ஒரே பரப்பாகப் போடாமல், கண்ணாடிப் பட்டை வைத்துச் சதுரங்களாகப் பிரித்தால் வெடிப்பு அந்தக் கோட்டோடு நிற்கும். குறித்த நாளில் பால் காய்ச்ச வேண்டுமென்ற அவசரத்தில் தரையை நனைப்பதை நிறுத்துவோரின் தரை அந்தப் பாலைப்போலவே பொங்கும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின்மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைப்பது, சூளையில் சுடாதது. கூடத்துக்கு மிக நன்று, புளியும் எண்ணெயும் சிந்தும் அடுக்களைக்கு ஆகாது. குளிக்குமிடத்துக்குச் சொரசொரப்பான கல்லே தகும். எந்தக் கல்லானாலும், பழைய தரையின்மேலேயே ஒட்டினால் மட்டம் உயர்ந்து கதவு தட்டும் என்பதையும், தெரு ரஸ்தா வருஷாவருஷம் உயர்ந்து வருவதையும் சேர்த்து அளந்துகொள்ள வேண்டும்.

இரண்டு லட்ச ரூபாய்க்கு மராமத்துச் செய்வதாக ஓர் உதாரணம் கொள்ளலாம். கூரைக்கும் வடிகாலுக்கும் ரூ. 60,000, குழாய், கக்கூஸ், குளிக்குமிடத்துக்கு ரூ. 45,000, மின்சார வேலைக்கு ரூ. 35,000, சுவருக்கு ரூ. 25,000, தரைக்கு ரூ. 15,000, பழைய சுவரைக் கொத்தியபின் வெளிவரும் சங்கதிகளுக்கென்று ரூ. 20,000. கடைசியில் சொன்ன தொகையை முன்கூட்டியே ஒதுக்காதவர்தான் பாதி வேலையில் நகையைக் கொண்டு அடகுக்கடைக்குப் போகிறார். தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும்; வரிசை மாறலாகாது.

சங்கப் பஞ்சாயத்தாரும் கடனை ஒரே தடவையில் கொடாமல், கூரையும் கம்பியும் குழாயும் முடிந்ததை நேரில் பார்த்தபின் இரண்டாம் தவணையைக் கொடுப்பது உசிதம். அவ்வாறு பார்க்கும்போது, பூச்சு மூடுவதற்குமுன், சுவருக்குள் கம்பியும் தரைக்கடியில் கழிவுக் குழாயும் ஓடும் வழியை மூலையிலிருந்து அளந்து ஒரு தாளில் வரைந்து, அதன் நகலொன்றைக் கடன் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஆணியடிக்கப் போகிறவருக்கு அது உதவும்.