சங்கப் பணியில் புதுமை: ஆட்டக்களம் தரும் பாடம்

புதுமை வேண்டுமென எல்லாச் சங்கங்களும் கூறுகின்றன. புதுமையை ஏற்ற சங்கம் எதனைத் தாங்க வேண்டிவரும் என்று ஆராய்வோர் சிலரே. இதனை விளக்க, இலங்கைக் கிரிக்கெட் குழு 1996ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் கையாண்ட முறையை எடுத்துக்கொள்வோம்.

அக்காலத்து ஒருநாள் ஆட்டத்தில் முதல் 15 ஓவர்கள் முடியும்வரை, 30 கெஜ வட்டத்திற்கு வெளியே பந்து தடுப்போர் இருவர் மட்டுமே நிற்கலாம் என்பது விதி. அவ்வாறிருந்தும், தொடக்க ஆட்டக்காரர் விக்கெட்டைக் காத்து மெல்ல ஆடுவதே வழக்கம். 1992ஆம் ஆண்டில் நியூசிலாந்து வீரர் மார்க் கிரேட்பேட்ச் இவ்வழக்கத்தை மீறி அடித்தாடினார். இலங்கையின் தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் பயிற்சியாளர் டேவ் வாட்மோரும் அதனைக் குழு முழுவதற்குமுரிய முறையாக்கினர். சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் தொடக்கத்திலேயே அடித்தாடினர். டில்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் கிடைத்தன.

இதில் நாம் அறியத்தக்கவை மூன்று.

முதலாவது, விதி யாவர்க்கும் பொது. அவ்விதி திறந்து வைத்த இடத்தை வழக்கம் மறைத்திருந்தது. ஆதலின், "எப்போதும் இப்படித்தான்" என்னும் சொல் எழுமிடத்தில், அது விதியா வழக்கமா என்று கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, தோல்வியைத் தாங்கும் அமைப்பு. களுவிதாரண ஆறு ஆட்டங்களில் எடுத்தவை 73 ஓட்டங்களே. ஆயினும் அவர் நீக்கப்படவில்லை. கல்கத்தா அரையிறுதியில் முதல் ஓவரிலேயே இருவரும் வீழ்ந்தனர், ஓட்டம் ஒன்றே. அடுத்து வந்த அரவிந்த டி சில்வா அஞ்சி ஒடுங்காது, 47 பந்துகளில் 66 ஓட்டங்கள் எடுத்தார். லாகூர் இறுதியாட்டத்திலும் இருவரும் விரைவில் வீழ்ந்தனர். அவரது 107 ஓட்டங்கள் கோப்பையை ஈட்டித் தந்தன. முன்னிற்போர் துணிந்ததற்குப் பின்னிற்போரின் வலிமையே காரணம். புதிய பணியில் ஓர் இளைஞரை ஏவிவிட்டு, முதற்பிழையிலேயே அவரைக் கைவிடும் சங்கத்தில் பிறகு எவர் முன்வருவர்?

மூன்றாவது, புதுமையும் நிலைப்பதன்று. இலங்கையின் முறையைப் பிற நாடுகளும் கற்றுக்கொண்டன; பொதுவாகிவிட்ட முறை தனி வலிமை தருவதில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, நம் கரமனை அமைந்த இதே திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில், இந்தியாவின் 390 ஓட்டங்களுக்கு எதிராக இலங்கை 73 ஓட்டங்களில் வீழ்ந்தது. தோன்றிய யாவும் மாறும் என்பதை அறிந்த நாம், நேற்றைய வெற்றியை இன்றைய வழக்கமாக்கி உறங்குதல் தகாது.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் இரண்டு வினாக்களை ஆராய்வார்களாக: நம் நடைமுறைகளுள் விதி எது, வெறும் வழக்கம் எது? புதிதாக முயல்பவர் தவறினால், அவருக்குப் பின்னால் நிற்பவர் யார்? இரண்டாம் வினாவிற்கு விடையில்லாத சங்கம், முதல் வினாவிற்கு விடை கண்டும் பயன் இல்லை.