தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் கிராமவாசிகளும்

ஏரும் அரிவாளுமே கருவிகளாயிருந்த கிராமங்களில் இக்காலத்தில் டிராக்டரும், கதிரடிக்கும் யந்திரமும், மின்சாரப் பம்பும் பெருகியுள்ளன. இவற்றால் வேலை விரைவில் முடிகிறது; ஆனால் விபத்துக்களும் நேரிடுகின்றன. யந்திரத்தில் கையை இழந்த கூலியாளின் குடும்பம் கடனில் மூழ்காதபடி காக்கவே நஷ்டஈட்டுச் சட்டம் ஏற்பட்டது. அதன் விதிகளை அறியாமையால் பலர் தமக்குரியதை இழந்துவிடுகின்றனர்.

பழைய நிலைமை

முன்னர், காயமடைந்தவன் சிவில் கோர்ட்டில் வழக்காடி, முதலாளியின் கவனக்குறைவாலேயே விபத்து நேர்ந்ததென்று ருசுப்படுத்த வேண்டியிருந்தது. ஏழைக்கு இது இயலாத காரியம். இங்கிலாந்தில் 1897-இல் இக்கஷ்டத்தை நீக்கும் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 1923-இல் நிறைவேறிய சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வேலையின் காரணமாகவும், வேலையின்போதும் விபத்து நேர்ந்தால், முதலாளியின் மீது குற்றம் இல்லையாயினும் அவர் ஈடு கொடுக்கவேண்டும் என்பதே இதன் சாரம். இதன் முக்கிய விதிகள் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது.

யாருக்கு உரிமை உண்டு?

ஆலைத் தொழிலாளருக்கு மட்டுமன்றி, யந்திர சக்தியால் நடக்கும் விவசாய வேலை, கிணறு வெட்டுதல், பனை மரத்தில் பாளை சீவுதல், மரம் வெட்டுதல் முதலியவற்றில் அமர்த்தப்பட்டோருக்கும் உரிமை உண்டு. 2000-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தற்காலிகக் கூலிகளும் சேர்க்கப்பட்டனர். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவர்கள் அதன் மூலமே உதவி பெறுவர்.

தொகையைக் கணக்கிடும் முறை

மரணமானால் மாதச் சம்பளத்தில் பாதியையும், நிரந்தர முழு அங்கஹீனமானால் 100-க்கு 60 பங்கையும், வயதுக்குரிய எண்ணால் பெருக்கவேண்டும். 30 வயதுக்கு அவ்வெண் 207.98. மாதம் ரூ.12,000 பெற்ற 30 வயதுத் தொழிலாளி இறந்தால், 6,000 × 207.98 = ரூ.12,47,880 அவனுடைய குடும்பத்தைச் சேரும். கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 100-க்கு 30 பங்கு நஷ்டமென்று அட்டவணை கூறுகிறது.

எனினும் அட்டவணையே முடிவன்று. சினிமாக் கொட்டகையில் வேலை செய்கையில் விழுந்து இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாதாகையால் நஷ்டம் முழு நஷ்டமே என்று 1975-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த அன்றே ஈடு கொடுபடவேண்டியதாகிறது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிடில் 100-க்கு 12 வட்டியும், நியாயமான காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை அபராதமும் உண்டு.

வேலைக்குச் செல்லும் வழியில்

சர்க்கரை ஆலைக் காவற்காரர் ஒருவர் 2003-இல் இரவுவேலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, ஆலைக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் விபத்துக்குள்ளாகி மாண்டார். ஹைகோர்ட் ஈட்டை மறுத்தது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், விபத்தின் நேரம், இடம், சந்தர்ப்பம் ஆகியவை வேலையுடன் சம்பந்தப்பட்டிருப்பின் வழியில் நேர்ந்த விபத்துக்கும் ஈடு உண்டு என்று விளக்கி, குடும்பத்துக்குத் தொகையை மீட்டளித்தது. புதிய சட்டத்தொகுப்பிலும் இவ்விதி தெளிவாக எழுதப்பட்டுள்ளது.

கவனிக்கவேண்டியவை

1. விபத்தைத் தாமதமின்றி முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். வைத்தியச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தவேண்டும்.

2. இரண்டு வருஷத்துக்குள் உரிய அதிகாரியிடம் மனுச்செய்யவேண்டும்.

3. மரண ஈட்டை அதிகாரியிடமே கட்டவேண்டும். முதலாளி குடும்பத்துக்கு ஓரளவு முன்பணம் தரலாமேயன்றி, நேரில் கொடுத்துக் கணக்குத் தீர்க்க இயலாது.

4. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய பத்திரம் செல்லாது. ஆகையால் துக்க வீட்டில் சிறு தொகைக்குக் கைந்நாட்டு வைத்தவரும் மனுச்செய்யத் தயங்கவேண்டியதில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்த கிராமவாசிகள் இவற்றை அறியாதாருக்கு எடுத்துரைத்து, மனு எழுத உதவினால், பல குடும்பங்கள் பிழைக்கும்.