உளநலத் தாதியம்: நோயை மட்டுமல்ல, ஆளையும் பார்த்தல்

மாணவர்களே, "ஆரோக்கியம் என்பது நோயற்றிருத்தல்" என்று மட்டும் எழுதினால் முழுப்புள்ளி கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். 1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு உடல், உள, சமூக நன்னிலை மூன்றையும் சேர்த்தே ஆரோக்கியம் என்கிறது. இதை மனனம் செய்வது இலகு. ஒரு நோயாளியின் விடயத்தில் இது எவ்வாறு செயற்படுகிறது என்று கேட்டால்தான் பலர் பேனையை வைத்துவிடுகிறார்கள். உளநலத் தாதியின் பணியைக் கொண்டு இதை விளங்கிக்கொள்வோம்.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு தாயை உதாரணமாகக் கொள்வோம். ஒரு மாதமாக நித்திரையில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, யாரோடும் பேச்சில்லை. வைத்தியர் மனச்சோர்வு எனக் கண்டு மருந்து எழுதுகிறார். தாதியின் வேலை மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. அவர் நிறை, குருதியமுக்கம், உணவு, நித்திரை ஆகியவற்றைக் கவனிப்பார். தைரொயிட் சுரப்பி குறைவாகத் தொழிற்பட்டாலும் சோர்வு வரும் என்பதால் உடலை ஒதுக்கிவிட முடியாது. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருப்பார். கணவர் வெளிநாட்டிலா? சீட்டுக் காசு கட்ட முடியவில்லையா? வீட்டில் யார் துணை? "செத்துப்போனால் நல்லது" என்ற எண்ணம் வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை நேராகக் கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. சொல்ல ஒரு வழிதான் கிடைக்கிறது. அந்தத் தாய் முதலில் கோயிலுக்கோ கொச்சிக்கடை அந்தோனியாரிடமோ போயிருந்தால், நல்ல தாதி அதைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்.

இங்கே மொழியும் சிகிச்சையின் ஒரு பகுதி. காலில் முறிவு என்றால் எக்ஸ்ரே படம் காட்டிவிடும். மனத்தில் உள்ளதை நோயாளி சொன்னால்தான் தெரியும். "நெஞ்சு பாரமாக்கிடக்கு" என்று ஒரு தமிழ்த் தாய் சொல்வது இருதய வருத்தமா, மனக்கவலையா என்று பிரித்தறிய அவருடைய மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பத்து வயது மகனை நிறுத்தினால் அந்தத் தாய் எதைச் சொல்லுவார்? கொழும்பில் தமிழும் சிங்களமும் தெரிந்த தாதியரின் பெறுமதி இதில்தான் இருக்கிறது.

அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் முன்னர் அங்கொடை மனநோய் வைத்தியசாலை என அழைக்கப்பட்டது. "இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று வெள்ளவத்தை பஸ்ஸிலும் பகிடி கேட்கிறது. அந்தப் பகிடிக்குப் பயந்தே பலர் நோய் முற்றும்வரை வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். விடையில் இதை "சமூகக் களங்கம்" என்று எழுதுங்கள். வகுப்பில் அந்தப் பகிடியை விட்டுவிடுங்கள். உங்களுக்கோ வீட்டாருக்கோ உதவி தேவையானால் அந்நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

இத்தொழிலுக்குப் போக விரும்புவோர் சாதாரண தரத்தில் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் மூன்றையும் கைவிடக்கூடாது. நான் கலைப்பிரிவில் படித்தவர். கலைப்பிரிவைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் தாதியர் பயிற்சிக்குப் பொதுவாக உயர்தர விஞ்ஞானப் பாடங்களையே கேட்கிறார்கள். அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா, அல்லது யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் நான்கு வருடப் பட்டம் என இரு வழிகள் உண்டு. தகைமைகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த வருட அறிவித்தலைப் பாருங்கள். உளநலப் பிரிவில் சிறப்புப் பெறுவது அதற்குப் பின்னரே.

ஐக்கிய அமெரிக்காவில் 1965 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உயர்நிலைத் தாதியர் முறையின்படி, முதுமாணி கற்ற உளநலத் தாதியர் நோயை நிர்ணயித்து மருந்தும் எழுதுகிறார்கள். இலங்கையில் அது வைத்தியரின் பணி. இரண்டையும் குழப்பி எழுதவேண்டாம்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்படி தாயின் உடல், உள, சமூகத் தேவைகளில் ஒவ்வொன்றுக்கும் இரு உதாரணங்கள் தருக.

2. உளநோயாளர் சிகிச்சை பெறத் தாமதிப்பதற்கான காரணங்கள் இரண்டைக் கூறி, உமது பாடசாலையில் செய்யக்கூடிய ஒரு நடவடிக்கையை விளக்குக.