‘அதெல்லாம் போடறதில்லீங்ணா!’
சில உணவுகள் சேராதவர்கள் கோவையில் வெளியே சாப்பிட ஒரு வழிகாட்டி

அவிநாசி சாலையில் ஒரு ஓட்டல். இடியாப்பத்தோடு குருமா வந்தது. எனக்குப் பால் சேராது. பரிமாறிய தம்பியிடம், “குருமாவுல பால் இருக்குதுங்களா?” என்று கேட்டேன். “இல்லீங்ணா, பாலெல்லாம் ஊத்தறதே இல்லீங்க” என்றார். நம்பி இன்னும் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் வயிறு உருட்ட ஆரம்பித்துவிட்டது. மறுவாரம் அதே ஓட்டலில் மாஸ்டரைப் பிடித்து, குருமா எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். மனிதர் ஒன்றையும் மறைக்கவில்லை: தேங்காய், முந்திரி, சோம்பு, ஒரு கிண்ணம் தயிர், இறக்கும்போது பாக்கெட் கிரீம்.

தம்பி சொன்னது பொய்யல்ல. பால் ஊற்றவில்லைதான். தப்பு என் கேள்வியில் இருந்தது. கொங்குச் சீமையில் விருந்தாளியின் முகம் வாடக் கூடாது. ‘இருக்குதுங்களா?’ என்று கவலையோடு கேட்டால், அந்தக் கவலையைத் தீர்க்கிற பதில்தான் முதலில் வரும். ‘எப்படிங்க பண்றீங்க?’ என்று கேட்டால் முழுச் சமையலும் வரும். கடைக்குப் போவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை பல உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது இந்தக் கேள்விதான்.

1. உங்களுக்கு எது சேராது, எவ்வளவு சேராது?

‘சேராது’, ‘ஆகாது’, ‘ஒத்துக்காது’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று ஒவ்வாமை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஓர் உணவைப் பகையாக எண்ணித் தாக்குவது. நிலக்கடலை, இறால், முட்டை போன்றவற்றில் ஒரு துளிகூடச் சிலருக்கு உயிராபத்து. மற்றொன்று செரிமானக் குறை. பால் சேராதவர்கள் பெரும்பாலும் இந்த வகை. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி அவர்கள் குடலில் குறைவு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வயிறு உப்பும், உருட்டும், ஓட வைக்கும்.

மூன்றாவதாக, இரண்டிலும் சேராத ஒன்று உண்டு: சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரையே சேதப்படுத்தும். உடனே ஒன்றும் தெரியாவிட்டாலும் சேதம் நடந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலில் மருத்துவரிடம் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். லாக்டோஸுக்கு மூச்சுக்காற்றில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனை உண்டு. சீலியாக்குக்கு இரத்தச் சோதனை உண்டு. ஆனால் சோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம். ‘நூறு உணவுக்கு ஒரே இரத்தச் சோதனை’ என்று விற்கப்படும் ஐஜிஜி பட்டியல்களை ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் ஏற்பதில்லை. அதை வைத்துக்கொண்டு பாதி உணவை விலக்கிவிடாதீர்கள்.

அளவு தெரிந்தால் பயம் பாதி குறையும். ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டோஸ் சேராதவர்களில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்குகிறார்கள். ஆக ஒரு சின்ன டபரா பில்டர் காபி பலருக்குப் பிரச்சினை செய்யாது. தயிராக உறையும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறையும். நெய்யில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பால் ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நெய்யும் ஆகாது.

2. சமையல்கட்டுச் சொல்லில் பேசுங்கள்

மருத்துவர் சொல்லும் சொல் அடுப்படியில் செல்லாது. ‘குளூட்டன்’ என்றால் மாஸ்டர் விழிப்பார். ‘கோதுமை’ என்றால் சப்பாத்தியை மட்டும் நினைப்பார். நம் சமையல்கட்டில் கோதுமை, மைதா, ரவை மூன்றும் மூன்று டப்பா. ஒவ்வொன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

கோதுமை சேராதவர்கள் சொல்ல வேண்டியவை: கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, பிரட் தூள், சோயா சாஸ். இவற்றோடு, யாரும் நினைக்காத ஒன்று பெருங்காயம். கட்டியோ தூளோ, கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா பெரும்பாலும் கலந்திருக்கும். சாம்பார், ரசம், வடை என்று அது எல்லாவற்றிலும் போகிறது. லேசாக ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த அளவு பெரிதில்லை. சீலியாக் உள்ளவருக்குப் பெரிது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஒரு பொருளைச் சொல்லக் கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் வரம்பு.

பால் சேராதவர்கள்: பால், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், கோவா, கிரீம், பால் பவுடர் என்று பட்டியலாகச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் இல்லை; கடையில் கொதிக்கும் பாதாம் பால், பாதாம் போட்ட மாட்டுப்பால்தான்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள்: ‘கடலை’ என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலை மாவு எல்லாமே கடலைதான். ‘நிலக்கடலை’, ‘கடலைக்காய்’ என்று சொல்லுங்கள். கடலெண்ணெயையும் தனியாகக் கேளுங்கள். சுத்திகரித்த எண்ணெயில் கடலைப் புரதம் ஏறக்குறைய இருக்காது. கொங்குப் பக்கம் பெருமையாகச் சொல்லும் மரச்செக்கு எண்ணெயில் இருக்கக்கூடும்.

வெங்காயம், பூண்டு வயிற்றை உப்ப வைக்கிறதா? குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் வாழும் கோவையில் ‘ஜெயின்’ என்ற ஒரு சொல் பல ஓட்டல்களில் விளங்கும். வெங்காயத்துக்குப் பதில் அங்கே பெருங்காயம் தாராளமாக விழும் என்பதைக் கோதுமைக்காரர்கள் மறக்கக் கூடாது.

3. நேரம் பார்த்துப் போங்கள்

மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் நெருக்கும்போது யாரும் உங்களுக்காக மாஸ்டரைக் கூப்பிட மாட்டார்கள்; கூப்பிடவும் முடியாது. பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள், அல்லது இரண்டரைக்குப் பிறகு. இரவில் புரோட்டா போடும் கடையில் தோசையும் அதே கல்லிலோ பக்கத்துக் கல்லிலோ விழும். முட்டைக் கலக்கியும் அங்கேதான் புரளும். கோதுமையோ முட்டையோ சேராதவர்களுக்குக் காலை டிபன் நேரமே தோது.

செயலி வழியாக வரவழைப்பவர்கள் குறிப்புப் பெட்டியை நம்பியிருக்காதீர்கள். அது அடுப்பு வரை போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கடைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

4. கேட்கும் முறை

முதலில் காரணம், பிறகு பட்டியல், கடைசியில் கேள்வி. இந்த வரிசையில் பேசிப் பாருங்கள்:

“ஏனுங்க, எனக்கு ஒடம்புக்கு ஆகாதுங்க. டாக்டர் மைதா, கோதுமை, ரவை மூணும் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காருங்க. இந்தக் குழம்பு கெட்டியா வர என்னங்க போடுவாங்க? கொஞ்சம் மாஸ்டர்கிட்டக் கேட்டுச் சொல்றீங்களா?”

‘பிடிக்காது’ என்று சொல்லாதீர்கள். பிடிக்காததை ஊட்டிவிடுவதுதான் உபசாரம். ‘டயட்’ என்று சொன்னால், ‘ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுங்க’ என்பார்கள். ‘டாக்டர்’ என்ற சொல்லுக்குத்தான் கரண்டி நிற்கும்.

கேள்விகள் ‘ஆம், இல்லை’யில் முடியக் கூடாது. எதில் தாளிக்கிறீர்கள்? கெட்டியாக என்ன கரைத்து ஊற்றுகிறீர்கள்? வடை சுட்ட எண்ணெயில் வேறு என்ன பொரிப்பீர்கள்? இந்தக் கல்லில் காலையிலிருந்து என்ன போட்டீர்கள்? சமைக்கிறவர்களுக்குத் தங்கள் கைப்பக்குவத்தைச் சொல்வதில் ஆசை உண்டு. விசாரணை மாதிரி இல்லாமல், ருசி பார்த்தவர் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

ஒரு சீட்டில் இவற்றைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. கோவை ஓட்டல் அடுப்படிகளில் வடமாநிலத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

5. கொங்கு இலையில் எது தோது, எது பொறி?

இட்லி, ஆப்பம், புட்டு, சந்தகை ஆகியவை அரிசிச் சாமான்கள். கோதுமை சேராதவர்களுக்குத் தொடக்கம் இங்கேதான். ஆனால் தொட்டுக்கொள்ளும் குருமாவையும் சாம்பாரையும் தனியாக விசாரியுங்கள். ரவா தோசையில் ரவையோடு மைதாவும் உண்டு. பெயரிலேயே பாதி எச்சரிக்கை இருக்கிறது.

அரிசிம்பருப்பு சாதம் சின்ன வெங்காயமும் பூண்டும் மணக்கிற ஒரே பாத்திரச் சமையல். லாக்டோஸ் மட்டும் சேராதவர்கள் மேலே விடும் நெய்க்குப் பயப்பட வேண்டியதில்லை; வெங்காயம் சேராதவர்கள் கை வைக்கவே வேண்டாம். கம்மஞ்சோறும் ராகிக் களியும் கோதுமை இல்லாதவை. கம்பங்கூழைப் பெரும்பாலும் மோரில் கரைத்தே தருவார்கள். கரைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அசைவத்தில் பள்ளிபாளையம் சிக்கன் எளிமையானது. கோழி, வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு. முறைப்படிச் செய்தால் மைதாவும் இல்லை, கிரீமும் இல்லை. என்ன எண்ணெய் என்று மட்டும் கேளுங்கள். மாவில் பிரட்டிப் பொரிக்கும் சில்லிக்கும் கிரீம் சேர்க்கும் பட்டர் வகைகளுக்கும் இந்த நம்பிக்கையைக் கொடுக்காதீர்கள்.

இனி நம்ம ஊர்த் தள்ளுவண்டிக் காளான். பெயர்தான் காளான். பெரும்பாலான வண்டிகளில் அது முட்டைகோஸை மைதாவிலும் சோள மாவிலும் பிசைந்து பொரித்து, மசாலாவில் உதிர்த்துக் கொதிக்க விட்டது. கோதுமை சேராதவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் பால் சேராதவர்களுக்கு வரக்காப்பி, வரட்டீ இரண்டும் உண்டு. ‘பால் இல்லாம’ என்று நீட்டி முழக்க வேண்டாம். இந்த ஒரு சொல் போதும்.

6. கல்யாணப் பந்தி

பந்தியில் நீங்கள் உட்காருவதற்கு முன்பே இலையில் பாதி வந்துவிடும். இனிப்பும் பொரியலும் அப்பளமும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் பரிமாறிய இலையை ஏற்க வேண்டாம். முன்பந்திக்கு முன்னால் பரிமாறும் பொறுப்பாளரிடம் சொல்லி வெறும் இலை கேளுங்கள். பாயசக் கரண்டியும் ரசக் கரண்டியும் வாளி மாறுகிற அவசரத்தில் இடம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றவர்களுக்குப் பழைய முறையே போதும்: வாளி வரும்போது இலைமேல் கை நீட்டி, “போதுங்க”. ‘வேண்டாம்’ என்பதைவிட அதற்கு மரியாதை அதிகம், மனத்தாங்கலும் வராது. சாப்பாட்டை வேண்டாம் என்றதாகப் பெண் வீட்டார் வருத்தப்படாமல் இருக்க, முந்தின நாளே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது உத்தமம்.

7. சட்டம் எந்த அளவு துணை?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும் பத்து அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவையும் ஒவ்வாமைப் பொருள்களின் விவரத்தை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி தர வேண்டும். 2022-இல் இது நடைமுறைக்கு வந்தது. பெரிய சங்கிலி உணவகங்களில் இதைத் தயங்காமல் கேட்கலாம். மூலைக்கடை மெஸ்ஸுக்கும் கல்யாணச் சமையலுக்கும் இது பொருந்தாது.

பட்டியலில் இருப்பவை எட்டு வகை: குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, நிலக்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, சல்பைட். எள்ளும் கடுகும் இதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் நடைமுறையில் உள்ள பதினான்கு வகைப் பட்டியலில் இரண்டும் உண்டு; அமெரிக்கா 2023-இல் எள்ளைச் சேர்த்தது. நல்லெண்ணெயும் கடுகுத் தாளிப்பும் இல்லாமல் நம் பக்கம் அடுப்பு எரியுமா? இந்த இரண்டும் சேராதவர்கள் பெரிய ஓட்டலானாலும் அட்டையை நம்பாமல் வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டும்.

8. தவறிவிட்டால்

பால் சேராமை போன்ற செரிமானக் குறையில் தொந்தரவு பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, தானே அடங்கும். தண்ணீர் குடியுங்கள், அடுத்த வேளையை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிடும் நாளில் லாக்டேஸ் மாத்திரை உதவுமா என்று மருத்துவரிடம் கேட்டு வைக்கலாம். அது ஒவ்வாமைக்கு மருந்தல்ல.

உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், உடம்பெல்லாம் தடித்துத் தலைசுற்றினால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. மருத்துவர் கையில் கொடுத்திருந்தால் உடனே போடுங்கள். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

9. மூன்று கடை போதும்

ஊரிலுள்ள எல்லாக் கடையிலும் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, வேலை இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, விருந்தாளி வந்தால் கூட்டிப்போக ஒன்று. எப்படித் தேர்ந்தெடுப்பது? ருசி, விலை, சுத்தம் எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக ஒரு சோதனை வைக்கிறேன். “இதுல என்னங்க போட்டிருக்கீங்க?” என்று கேட்பேன். ‘அதெல்லாம் போடறதில்லீங்ணா’ என்று உடனே சொல்கிற கடையில் வரட்டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவேன். “தெரியலீங்க, இருங்க, உள்ள கேட்டுட்டு வர்றேன்” என்று ஒருவர் திரும்பி நடந்தால், இலை போடச் சொல்லிவிடுவேன்.