டைல்ஸ் ஒட்டும் முன் சுவரைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பல்லடம் பக்கத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். உள்சுவர்கள் 4 அங்குல ஏ.ஏ.சி. பிளாக். சமையலறைச் சுவர் மட்டும் 6 அங்குல சாலிட் பிளாக். குளியலறையில் 7 அடி உயரத்துக்கு 2 அடிக்கு 1 அடி அளவுள்ள டைல்ஸ் ஒட்ட வேண்டும். டைல்ஸ் போட வந்தவர், “பிளாக் சுவர் மட்டமாத்தானே இருக்கு, பூச்சு எதுக்கு? நேரா கம் போட்டு ஒட்டிடலாம்” என்கிறார். எங்கள் கொத்தனாரோ, “பூசித்தான் ஆகணும்மா, அதுக்கு மேல சிமெண்ட் பால் தடவி ஒட்டினாப் போதும், கம் வீண் செலவு” என்கிறார். அக்கா வீட்டில் இரண்டே வருடத்தில் டைல்ஸ் பெயர்ந்து விழுந்ததைப் பார்த்த பயம் எனக்கு. யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகி, பல்லடம்

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பூச்சு வேண்டும் என்பதில் கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள். கம் வேண்டும் என்பதில் டைல்ஸ்காரர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் இருவருமே சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரை யாராவது கையால் தடவிப் பார்த்தார்களா?

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் இரவு நேரத்தில் குளியலறை டைல்ஸ் நான்கு மொத்தமாக விழுந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். விழுந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பினேன். டைல்ஸின் முதுகில் கம் நன்றாகவே பிடித்திருந்தது, உளியால் தட்டினாலும் வரவில்லை. அந்தக் கம்மின் மறுபக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். சலித்த மாவு மாதிரி சாம்பல் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. கம் பிடித்தது சுவரை அல்ல, சுவரின் மேல் இருந்த தூசியை. நல்ல கம், நல்ல டைல்ஸ், அனுபவமுள்ள வேலைக்காரர் எல்லாம் இருந்தும், ஒரு பிரஷ்ஷும் ஈரத் துணியும் இல்லாமல் போனதால் வந்த நஷ்டம் அது.

ஏ.ஏ.சி. பிளாக்கில் இது அதிகம் நடக்க ஒரு காரணம் உண்டு. சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலந்த கூழில் துளி அலுமினியப் பவுடர் சேர்ப்பார்கள். அது உண்டாக்கும் வாயு, இட்லி மாவு மாதிரி கூழைப் பொங்க வைக்கும். பொங்கி இறுகியதைக் கம்பியால் அறுத்து, பிறகு நீராவி அழுத்தத்தில் வேக வைப்பார்கள். அதனால் நீங்கள் பார்க்கும் முகம் அறுத்த முகம். வாய் திறந்த நுண்துளைகளும் உதிரும் பொடியும் அதில் இருக்கும். பொடி ஒருபுறம் ஒட்டவிடாது. துளைகள் இன்னொருபுறம் கலவையின் தண்ணீரை இழுத்துக் குடித்துவிடும். தண்ணீர் போய்விட்டால் சிமெண்ட் கெட்டிப்பட வழியில்லை, வெறும் மண்ணாக உலர்ந்து நிற்கும்.

பூச்சு இல்லாமல் நேரே ஒட்டவே கூடாதா? கூடத்தில் ஓர் அலங்காரச் சுவர், தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் துல்லியம், தண்ணீர் படாத இடம் என்றால் நானே சம்மதிப்பேன். உங்களுடையது குளியலறை. பைப்புக்குக் காடி வெட்டியிருப்பார்கள், தூணும் பிளாக்கும் சேரும் இடம் இருக்கும், தினமும் வெந்நீரும் குளிர்நீரும் மாறி மாறிப் படும். அதோடு கம் என்பது 3 முதல் 6 மி.மீ. கனத்தில் நிற்க வேண்டிய பொருள். சுவரின் கோணலை நிரப்ப அதை 15 மி.மீ. கனத்துக்கு அப்பினால் சுருங்கும், வழுக்கும். இல்லையென்றால் நான்கு மூலைக்கும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்துவார்கள். அது இன்னும் மோசம். நடுவெல்லாம் பொள்ளலாக இருக்கும், தண்ணீர் உள்ளே தேங்கும்.

இனி வேலைக்கு வருவோம். பைப் வேலை முடிந்து ஒரு நாள் முழுக்க அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்த பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும். காடியை மெஷினால் வெட்டச் சொல்லுங்கள். சுத்தியலும் உளியும் பிளாக்கை உள்ளுக்குள் அதிரவைத்து விரிசல் விடும். நேர்க்குத்தாக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஆழம் கூடாது. 4 அங்குலச் சுவரில் படுக்கைக் காடிக்கு முக்கால் அங்குலம்கூடக் கிடைக்காது. அதனால் பைப்பை மேலிருந்து கீழாக இறக்குவதே முறை. காடியைக் கலவையால் அடைத்து, காய்ந்த பின் மேலே வலை வைக்க வேண்டும்.

பிறகு தூசி. கம்பி பிரஷ்ஷால் சுவர் முழுக்கத் தேய்த்து, மேலிருந்து கீழாக மெல்லிய துடைப்பத்தால் தட்டி, கடைசியில் பிழிந்த ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, கறுப்புத் துணி ஒன்றைச் சுவரில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை படிந்தால் வேலை முடியவில்லை. இதை நீங்களே செய்யலாம், யார் அனுமதியும் வேண்டாம்.

கான்கிரீட் தூண், பீம் இருக்கும் இடத்துக்கு வேறு கவனம் தேவை. அங்கே ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் ஷட்டரிங் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேய்த்து எடுத்து, நெருக்கமாகக் கொத்திவிட்ட பிறகே பூச வேண்டும். தூணும் பிளாக்கும் சேரும் கோட்டில் இரண்டு பக்கமும் 6 அங்குலம் வருகிற மாதிரி கோழி வலையோ ஃபைபர் வலையோ இழுத்துக் கட்டி அடிக்கச் சொல்லுங்கள். தொய்வாகத் தொங்கும் வலை இருந்தும் பயனில்லை. கான்கிரீட் ஒரு விதமாகவும் பிளாக் வேறு விதமாகவும் சுருங்கி விரியும். விரிசல் வருவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான், அது டைல்ஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

நனைப்பதில் நம் ஊர்ப் பழக்கம் செங்கல்லிலிருந்து வந்தது. ஓஸ் பிடித்துச் சுவர் சொட்டச் சொட்ட நனைப்போம். ஏ.ஏ.சி. பிளாக்குக்கு அது ஆகாது. மெதுவாகக் குடித்து மெதுவாகவே விடும் கல் அது, உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேறும்போது பூச்சில் விரிசல் விழும். லேசாகத் தெளித்தால் போதும், மேல் ஈரம் மங்கியதும் வேலையைத் தொடங்கலாம். பூச்சுக்கு முன் சிமெண்டும் பருமணலும் 1:2 அளவில், லேட்டக்ஸ் கலந்த தண்ணீரில் குழைத்துச் சுவரில் விசிறி அடிக்க வேண்டும். மறுநாள் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அடுத்து வரும் பூச்சுக்கு அதுதான் பிடிமானம்.

பூச்சுக் கலவையில் சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்று 1:3 போட நினைப்பார்கள். பிளாக் மென்மையான பொருள். அதைவிட இறுகலான பூச்சு சுருங்கும்போது பிளாக்கின் தோலையே உரித்துக்கொண்டு வரும். ஏ.ஏ.சி.க்கு 1:5 அல்லது 1:6, சாலிட் பிளாக்குக்கு 1:4 சரியாக இருக்கும். மணல், பூச்சுக்கென்று சலித்த பி-சாண்டாக இருக்கட்டும். கனம் 12 மி.மீ., ஒரே தடவையில் 15-ஐத் தாண்ட வேண்டாம். மேற்பரப்பைக் கட்டையால் தேய்த்ததோடு நிறுத்தச் சொல்லுங்கள். சிமெண்ட் பால் தடவிக் கரண்டியால் வழவழப்பாக்கிவிட்டால் கம் பிடிக்காது. 2 மீட்டர் மட்டக்கோலைச் சுவரில் எங்கே சாய்த்தாலும் நடுவில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது.

ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். பிறகு குறைந்தது இரண்டு வாரம் காய விடுங்கள். இந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் திருடுகிறார்கள். கிரகப்பிரவேசத் தேதி குறித்தாகிவிட்டது என்பார்கள். ஈரத்தோடு சுருங்கிக்கொண்டிருக்கும் பூச்சின் மேல் ஒட்டிய டைல்ஸ், அந்தச் சுருக்கத்தின் இழுப்பையெல்லாம் தாங்கியாக வேண்டும். நாள் குறிக்கும் முன் இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சமையலறை சாலிட் பிளாக்கிலும் காய்ச்சல்தான் பிரச்சினை. கான்கிரீட் பிளாக்கை வார்த்த பின் 14 நாள் தண்ணீர் காட்டி, 4 வாரம் உலர விட்டுத்தான் கட்ட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வார்த்த வாரமே லாரியில் வந்து இறங்கும் கல், சுவரில் நின்றுகொண்டு சுருங்கும். விரிசல் படிக்கட்டு மாதிரி இணைப்புகளின் வழியே ஏறும். சுவர் கட்டி ஒன்றரை மாதமாவது ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே விரிசல் தெரிந்தால் பூசி மறைக்காமல் கீறி அடைத்து வலை வையுங்கள்.

குளியலறையில் பூச்சு காய்ந்த பின் நீர்க்காப்புப் பூச்சு. டைல்ஸ் இணைப்பில் அடைக்கும் கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டி, தரை முழுக்கவும் எல்லாச் சுவரிலும் ஓர் அடி உயரமும், ஷவர் இருக்கும் சுவரில் டைல்ஸ் ஏறும் உயரம் வரையிலும் இரண்டு கோட். முதல் கோட் நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுக் கீழே கசிகிறதா பாருங்கள்.

கொத்தனார் சொல்லும் சிமெண்ட் பால் இந்த நீர்க்காப்பின் மேல் நிற்காது. அவருடைய காலத்து டைல்ஸ் தண்ணீர் குடிக்கும் டைல்ஸ், பக்கெட்டில் ஊறப்போட்டு ஒட்டினார்கள், பால் உள்ளே இறங்கிப் பிடித்தது. இன்றைய விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிப்பதில்லை. நீங்கள் வாங்கியது செராமிக்காக இருந்தாலும், நீர்க்காப்பின் மேல் ஒட்டப் பாலிமர் கலந்த கம் தேவை. பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணையும், வகை 2 அல்லது அதற்கு மேல் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே கவனியுங்கள். சுவருக்குள் புதைக்கும் குழாய் வால்வுகளை வைக்கும்போது, பூச்சு 12, கம் 5, டைல்ஸ் 8 என்று பிளாக்கின் முகத்திலிருந்து 25 மி.மீ. வெளியே கணக்கு வைக்க வேண்டும். பூச்சு வேண்டாம் என்ற பேச்சை நம்பி பிளம்பர் ஏற்கெனவே வால்வை உள்ளே தள்ளி வைத்திருந்தால், காடி அடைக்கும் முன் அவரைக் கூப்பிட்டு வெளியே இழுத்து வைக்கச் சொல்லுங்கள்.