மலைச்சரிவில் வீட்டு மனை: மண் அகற்றும் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை முதலிய மலைப் பகுதிகளில் சொந்த வீடு கட்ட முற்படும் குடும்பத்தினர் முதன்முதலில் எதிர்ப்படுவது கல், சிமெண்டு ஆகியவற்றின் செலவு அன்று, மண்ணின் செலவேயாகும். சமவெளியில் உள்ளவர் வானம் தோண்டியவுடன் அடிப்படைக் கல்லை இறக்கிவிடலாம். சரிவில் மனை வைத்திருப்பவரோ, வீடு நிற்பதற்கு வேண்டிய சமதளத்தையே முதலில் உண்டாக்கிக்கொள்ள வேண்டியவராயிருக்கிறார். இவ்வேலைக்கு எந்தக் கருவியை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்ற வினாவுடன் பஞ்சாயத்து அலுவலகத்தை நாடி வருவோர் பலர். அவர்களுக்கு விடை கூறவேண்டிய அங்கத்தினர்களுக்கும், தாமே மண்வெட்டி எடுக்கவிருக்கும் விவசாயிகளுக்கும் பயன்படுமாறு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கருவியைப் பற்றிப் பேசுமுன் மண்ணின் அளவைக் கணக்கிட வேண்டும். இதனைச் செய்யாமலே இயந்திரத்தை அழைத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஓர் உதாரணம் கொள்வோம். கிடைமட்டமாக 3 மீட்டர் சென்றால் 1 மீட்டர் இறங்கும் சரிவு. அதில் சரிவின் போக்கில் 8 மீட்டரும், குறுக்கே 10 மீட்டரும் உள்ள வீடு. முழுத்தளத்தையும் ஒரே மட்டத்தில் வெட்டினால், பின்புறம் நிற்கும் மண்சுவரின் உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர், வெட்டவேண்டிய மண் 107 கன மீட்டர். அதே வீட்டை முன்கட்டு, பின்கட்டு என 4 மீட்டர் அகலமுள்ள இரண்டு படிகளாக அமைத்தால், ஒவ்வொரு படியின் பின்சுவரும் 1.3 மீட்டர் உயரமே இருக்கும். வெட்டும் மண் 53 கன மீட்டர். வீட்டின் பரப்பு குறையவில்லை. மண் மட்டும் பாதியாகிவிட்டது. தளத்தின் அகலம் இருமடங்கானால் மண்ணின் அளவு நான்கு மடங்காகும் என்பதே இதன் காரணம். இரு அறைகளுக்கிடையில் ஏழெட்டுப் படிக்கட்டுகள் ஏறி இறங்க வேண்டியிருப்பது முதியோர்க்குச் சிரமந்தான். எனினும், அச்சிரமத்தின் விலையையும் 54 கன மீட்டர் மண்ணின் விலையையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் தீர்மானிப்பது நல்லது.

நீலகிரியின் படுகர் ஊர்களில் பழைய வீடுகள், குன்றின் போக்கிற்கு இணங்க, ஒன்றோடொன்று சேர்ந்த நீண்ட வரிசைகளாக அமைந்திருப்பதைக் காணலாம். சரிவின் குறுக்கே நீளமாகவும், சரிவின் போக்கில் ஆழம் குறைவாகவும் அமையும் வீட்டிற்கு வெட்டும் மண் குறைவு என்பதை அவ்வமைப்பு நமக்குக் காட்டுகிறது.

பாதி வெட்டி, அம்மண்ணையே முன்புறம் பரப்பித் தளமாக்கினால் என்ன என்று கேட்கலாம். மேற்கண்ட உதாரணத்தில் அதற்கு 27 கன மீட்டர் வெட்டினாலே போதும். ஆனால் கொட்டிய மண்ணின்மேல் வீட்டின் அடித்தளம் நிற்கலாகாது. முற்றத்திற்கும், தோட்டத்திற்கும் அது ஏற்றது. வீட்டின் சுவர்களோ, கொட்டிய மண்ணைத் துளைத்துக் கீழே உள்ள பழைய கெட்டி நிலத்தில் ஊன்ற வேண்டும்.

ஆகவே முதலில் வாங்கவேண்டிய கருவி மண்வெட்டி அன்று; பத்து மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயே. கொத்தனார்கள் டியூப் லெவல் என்று வழங்கும் இக்குழாயில் நீரை நிரப்பி, இரு முனைகளையும் இரு கோல்களில் பிடித்தால், மனையின் மேற்கோடிக்கும் கீழ்க்கோடிக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். குழாயினுள் காற்றுக் குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்ணின் அளவு தெரிந்தபின் எழும் கேள்வி, கருவி மனைக்குள் எவ்வாறு வந்து சேரும் என்பது. மக்கள் ஜே.சி.பி. என்றே அழைக்கும் பெரிய மண்வாரி இயந்திரம், நமது 53 கன மீட்டரை நான்கு மணி நேரத்தில் வெட்டிவிடக்கூடியதே. ஒரு கன மீட்டர் வெட்டும் கூலியை மட்டும் பார்த்தால் ஆட்கூலியைவிட அது மலிவு; இதை மறைப்பதிற் பயனில்லை. ஆனால் அவ்வியந்திரம் சாலையிலிருந்து 20 மீட்டர் சரிவின் குறுக்கே வந்து சேர வேண்டுமானால், 3 மீட்டர் அகலப் பாதை வேண்டும். அப்பாதையை வெட்டுவதற்கே 30 கன மீட்டர் மண் அகற்றப்படும். வீட்டிற்கு வெட்டுவதில் பாதிக்கு மேற்பட்ட மண், வீட்டிற்குச் சம்பந்தமில்லாத ஒரு பாதைக்காக வெட்டப்படுகிறது. அதன் மேல்விளிம்பில் ஒரு மீட்டர் உயரத்திற்கு ஆதரவற்ற மண்சுவரும் நின்றுவிடுகிறது. ஒரு மீட்டர் அகலமே உள்ள சிறிய வகை மண்வாரி இயந்திரத்திற்கு ஒன்றரை மீட்டர் பாதை போதும். அதற்கு வெட்டும் மண் ஏழரை கன மீட்டர்தான். தள்ளுவண்டிக்கு 90 சென்டிமீட்டர் பாதை. மண் மூன்று கன மீட்டருக்கும் குறைவு. ஆகவே, மனை சாலையை ஒட்டி இருந்தால் பெரிய இயந்திரம் சிக்கனமாகலாம். சாலையிலிருந்து விலகியிருந்தால் அந்தச் சிக்கனம் பாதையிலேயே கரைந்துவிடும்.

மண் எங்கே செல்லவேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தல் அவசியம். வெட்டிய மண் தளர்ந்து, கால் பங்கு பெருகும். 53 கன மீட்டர் 66 ஆகிவிடும். 3 கன மீட்டர் கொள்ளும் சிறு டிப்பர் லாரியில் அது 22 நடை. சாலைக்கு மேற்புறம் உள்ள மனையிலிருந்து மண் இறங்கி வரும். சாலைக்குக் கீழ்ப்புறம் உள்ள மனையிலிருந்து அது ஏறவேண்டும். இவ்விரண்டு மனைகளும் விலையில் ஒன்றாயிருந்தாலும் மண்வேலையில் ஒன்றல்ல. மண்ணை மேலே ஏற்றுவதைப்போல் பணத்தை விழுங்கும் வேலை வேறில்லையாதலால், கீழ்ப்புற மனைக்காரர் இயன்றவரை மனைக்குள்ளேயே மண்ணைக் குறுக்கே நகர்த்தி, காய்கறித் தோட்டத்திற்குப் படித்தளங்களாகப் பரப்பிவிடுதல் மேல். மேல்மண் ஒரு சாண் ஆழத்தைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் அதனைத் தோட்டத்தின்மேல் விரிக்க வேண்டும். அடிமண்ணை மேலே பரப்பிவிட்டுக் கீரை முளைக்கவில்லையே என்று வருந்துவோர் உண்டு.

இனி, கைக்கருவிகளைப் பார்ப்போம். கெட்டி மண்ணைப் பிளக்கக் கடப்பாரையும் குந்தாலியும், வாரி எடுக்க மண்வெட்டியும் எல்லா இல்லங்களிலும் உள்ளவையே. செலவு கூடுவதும் குறைவதும் வெட்டுவதில் இல்லை, சுமப்பதிலேயே. 53 கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 90 டன். இரும்புச் சட்டியில் ஒரு தடவைக்கு 20 கிலோ சுமந்தால் 4,500 நடை. ஒருவர் 30 மீட்டர் தூரத்திற்கு நாளொன்றுக்கு நூறு நடை சென்று வருவதாகக் கொண்டால், சுமப்பதற்கு மட்டும் 45 ஆள் நாட்கள் வேண்டும். 100 கிலோ ஏற்றும் தள்ளுவண்டியிலோ நடைகள் 900 ஆகக் குறைகின்றன. மூவர் வெட்ட, இருவர் இரு வண்டிகளைத் தள்ள, எட்டு நாட்களில் வேலை முடியும். சுமக்கும் ஆள் நாட்கள் பதினாறே. இரண்டு தள்ளுவண்டிகளின் விலையை இந்த 29 ஆள் நாட்களின் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் தள்ளுவண்டி மலையில் எவ்விதமும் ஓடாது. அதன் பாதை சரிவிற்குக் குறுக்கே, கிட்டத்தட்ட சமமாக அமைந்திருக்க வேண்டும். 12 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்தில் ஒருவர் நிறை வண்டியைத் தள்ளுவது கடினம். இறக்கத்திலோ வண்டி ஆளை இழுத்துச் சென்றுவிடும். சமதரையில் இரட்டைச் சக்கர வண்டி நிலையாக நிற்பது மெய்யே. குறுகிய மலைப்பாதையில் ஒற்றைச் சக்கரமே உகந்தது. பாதை ஒருபுறம் சாய்ந்திருந்தாலும் கைகளால் சமன் செய்துகொள்ளலாம். காற்றடைத்த டயர் இளகிய மண்ணில் புதையாது. முள்ளும் கூர்ங்கல்லும் உள்ள இடத்தில் மட்டுமே கெட்டி ரப்பர் சக்கரத்தை நாட வேண்டும். சுமை சக்கரத்தின் மேலேயே அமையுமாறு தொட்டி முன்தள்ளியிருக்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால், கைகளில் விழும் பாரம் குறையும். கடையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து இதனை அறிய முடியாது. இரண்டு சிமெண்டு மூட்டைகளை ஏற்றித் தள்ளிப் பார்க்கவேண்டும். பாதையில் பலகைகள் விரித்துவிட்டால் மழைத்தூறலிலும் வேலை நிற்காது.

தகரத் தகட்டை வளைத்துச் சரிவில் வைத்து மண்ணை வழுக்கிவிடும் முறையைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். மண் தகட்டில் தானே இறங்க ஏறத்தாழ 40 பாகைச் சாய்வு வேண்டும். நமது உதாரணச் சரிவு 18 பாகைதான். அங்கே தகடு வெறும் அலங்காரமாகவே இருக்கும். செங்குத்தான மனைகளில் அது உதவும். அங்கும் ஈரக் களிமண் தகட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவிற்கொள்க. மிதமான சரிவில் சமதளம் செய்வதற்கு நமது உழவர் அறிந்த பரம்புப் பலகையே சிறந்தது. அதில் கயிறு கட்டி, இருவர் இழுக்க, ஒருவர் பின்நின்று அமுக்கிப் பிடித்தால், குறுகிய தூரத்திற்கு மண் வெகு விரைவில் நகரும். பரப்பிய மண்ணை ஒரு சாண் கனத்திற்கு ஒருமுறை நீர் தெளித்துத் திமிசு கொண்டு இடிக்க வேண்டும்.

மண் நூறு கன மீட்டரைத் தாண்டினாலோ, பாறைத் துண்டுகள் கலந்திருந்தாலோ, சிறிய மண்வாரியை வாடகைக்கு எடுப்பதே முறை. அதனை விலைக்கு வாங்குவது ஒரு வீட்டிற்காகச் செய்யத்தக்கதன்று. வாடகை மணிக்கணக்கில் எனினும், இயந்திரத்தை லாரியில் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவும், குறைந்தபட்ச மணி நேரமும் அதனுடன் சேரும். அருகருகே வீடு கட்டும் மூன்று குடும்பங்கள் ஒரே வாரத்தில் அழைத்தால் போக்குவரத்துச் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் இயந்திரங்கள் நிலச் சீர்திருத்தம் முதலிய வேளாண் பணிகளுக்கானவை; அவற்றை வீட்டு மனைக்குக் கேட்பது பொருந்தாது.

கருவியின் விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நீலகிரி போன்ற இடங்களில் பாறை சிதைந்து உண்டான செம்மண் பல மீட்டர் ஆழத்திற்குக் கிடக்கிறது. அது உலர்ந்திருக்கையில் செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல் நிற்கும். இந்த நேர்த்தியே மக்களை ஏமாற்றுகிறது. நீர் இறங்கியதும் அதன் எடை கூடுகிறது, பிடிப்போ குறைகிறது. 2009 நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையில் நீலகிரி மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழையில்லாத நாளிலும் ஆபத்து உண்டு. 2024 பிப்ரவரி 7 அன்று உதகையை அடுத்த லவ்டேல் பகுதியில் கட்டுமானத்திற்காக மண் தோண்டிய இடத்தில் சரிவு நேர்ந்து, வேலை செய்துகொண்டிருந்த 6 பெண்கள் மாண்டனர். அதனால் ஒன்றரை மீட்டருக்குமேல் ஆழமாக வெட்டும் இடத்தில் மண்சுவரைச் சாய்வாகச் செதுக்கவோ, பலகையும் மரமும் கொண்டு முட்டுக் கொடுக்கவோ வேண்டும். அடியில் குடைந்து மேல்மண்ணைத் தானே விழச் செய்யும் வழக்கத்தை எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது. அது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். அடியில் நிற்பவர் விலகுவதற்கு அது நேரம் தருவதில்லை. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும், ஏழு டன்னுக்கு மேற்பட்ட இயந்திரத்தை விளிம்பருகே நிறுத்துவதும் இதே வகையான பிழைகள்.

இயந்திரம் நான்கு மணி நேரத்தில் வெட்டித்தரும் சுவருக்குக் கல்கட்டு எழுப்ப நான்கு வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலமே அபாயமான காலம். கையால் வெட்டுவோர் ஒரு பகுதியை வெட்டி, அதற்குக் கல்கட்டு முடித்து, அடுத்த பகுதிக்குச் செல்ல இயலும். வேகம் குறைந்த கருவிக்குரிய இந்த அனுகூலத்தை விலைப்பட்டியலில் காண முடியாது. இயந்திரத்தை அழைப்பவரும் இதே முறையில் மூன்று மீட்டர் நீளம் வெட்டச் செய்து, இடைவெளி விட்டு மீண்டும் அழைக்கலாம். வாடகை கூடும் என்பது உண்மை. கல்கட்டில் நீர் வடியத் துளைகள் விடுதலும், வெட்டிற்கு மேற்புறத்தில் மழைநீரைத் திருப்பும் கால்வாயை மண்வேலைக்கு முன்பே தோண்டுதலும் இன்றியமையாதவை.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியவை சில. 1990-ஆம் ஆண்டு மலைப் பகுதிகளுக்கென ஏற்படுத்தப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பிற்குட்பட்ட கிராமங்களில் கட்டுமானத்திற்குத் தனி விதிகள் உண்டு. நீலகிரியில் மண்வாரி இயந்திரத்தைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் பெறவேண்டும். விண்ணப்பம் வந்தவுடன் ஓர் அங்கத்தினர் மனைக்கு நேரில் சென்று, வெட்டின் உயரம் எவ்வளவு, மண் எங்கே கொட்டப்படும், கீழே யார் வீடு இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துவர வேண்டும். ஓடையிலோ, கீழ்மனைக்காரரின் தலைக்குமேலோ மண்ணைத் தள்ளிவிடும் திட்டமாயின், அதனை அன்றே தடுப்பது எளிது. மண்வேலையைப் பொங்கலுக்குப்பின் தொடங்கிக் கோடைமழைக்குமுன் கல்கட்டோடு முடிக்குமாறு சொல்ல வேண்டும். நான்கு தள்ளுவண்டிகள், இரண்டு திமிசுகள், ஒரு டியூப் லெவல், முட்டுக் கொடுக்கும் பலகைகள் ஆகியவற்றை ஊர்ப்பொதுவில் வாங்கிவைத்து, சிறு வாடகைக்குக் கொடுத்து வாங்கினால், ஒரு வீட்டிற்குப்பின் துருப்பிடித்துக் கிடக்கும் கருவி பல வீடுகளுக்கு உழைக்கும். வண்டியைத் திருப்பித் தரும்போது சக்கரத்தின் அச்சில் ஒட்டிய மண்ணைக் கழுவி, எண்ணெய் இட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் ரசீதிலேயே எழுதிவிடலாம்.