சேணத்தைக் கழற்றிப் பார்

திருவட்டாறு
புரட்டாசி 22

அன்புள்ள மக்களே,

உன் அம்மை நேற்று ராத்திரி போன் பண்ணி வெகுநேரம் பேசினாள். தீபாவளி கழிந்ததும் நீ கூட்டுகாரர்களோடு ராஜஸ்தான் போய், ஷெகாவதி பக்கம் ஒரு வாரம் குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றி, ராத்திரி கூடாரத்தில் படுக்கப் போகிறாயாம். "தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா அவ ஏறுக்கு மாறாத்தான் செய்வா" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்கு இருபத்தாறு வயது, சொந்தச் சம்பாத்தியம், முடிவு உன்னுடையது.

நீ அம்மைக்கு அனுப்பிய படங்களை நானும் பார்த்தேன். காதின் நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதே, அது மார்வாரி ஜாதி. அந்தியூரில் எனக்கு வேலையாக இருந்த காலத்தில், ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மார்வாரியும் கத்தியவாரியும் வரும். நம்ம ஊர் மாட்டாஸ்பத்திரியில் பசுவும் ஆடும் கோழியும் பார்த்துப் பழகிய எனக்குக் குதிரை என்றால் என்னவென்று தெரிந்தது அங்கேதான். அழகான பிராணி. உனக்கு ஆசை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

காலமும் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். ஐப்பசி வாக்கில் அங்கே கம்பு அறுவடை முடிந்து நிலம் வெறுமே கிடக்கும். வெயில் தணிய ஆரம்பித்து ராத்திரி குளிரும். அவர்கள் கேஜ்ரி என்று சொல்லும் மரம் நம்ம வன்னிதான், வழியெல்லாம் நிற்கும். நவல்கரிலும் மண்டாவாவிலும் பழைய சேட்டுகளின் வீட்டுச் சுவர் முழுக்கச் சித்திரங்கள் உண்டு, விட்டுவிடாதே. இங்கே அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும், ரப்பர் பால்வெட்டுகூட ஒழுங்காக நடக்காது. ஆதிகேசவப் பெருமாளுக்கு ஐப்பசித் திருவிழா வரும். 2022 ஜூலையில் கும்பாபிஷேகத்துக்கு வந்தாயே, அதற்குப் பிறகு ஒரு திருவிழாவுக்கும் நீ வரவில்லை. சரி, அது இருக்கட்டும்.

எனக்குக் கவலை எங்கே என்றால், நீ இதுவரை குதிரைமேல் உட்கார்ந்தது கொடைக்கானல் ஏரிக்கரையில் மட்டும். அன்றைக்குக் கயிறு குதிரைக்காரர் கையில் இருந்தது. இப்போது கயிறு உன் கையில். ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் என்று சொல்கிறார்களாம். அதுவும் ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். உன் கூட்டுகாரர்களில் ஓடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், மலை ஏறத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். குதிரை தெரிந்தவர் யார்? 2018 மார்ச்சில் குரங்கணி மலைத்தீயில் செத்துப்போன பிள்ளைகளும் இப்படிக் கூட்டமாகச் சந்தோஷமாகப் போனவர்கள்தான். யாரிடம் அனுமதி வாங்கினார்கள், யார் கூட்டிப் போனார்கள் என்றெல்லாம் ஊர் விசாரித்தது பிணங்களை இறக்கிய பிறகு. பெண்பிள்ளை என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் அண்ணன் போவதானாலும் இதையேதான் எழுதுவேன்.

ஆனாலும் உன்னைவிட அந்தக் குதிரையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் மாட்டாஸ்பத்திரியில் கழித்தவன் நான். ஒரு வீட்டின் குணத்தை முற்றத்தில் நிற்கிற மாட்டின் கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். நுகத்தடி பட்ட இடத்தில் முதலில் மயிர் உதிரும். பிறகு தோல் சிவக்கும், பிறகு நீர் கசியும். அந்தக் கட்டத்திலாவது வண்டியை அவிழ்த்துவிட்டால் பத்து நாளில் ஆறிவிடும். ஆனால் அவிழ்க்க மாட்டார்கள். எண்ணெய் தடவி மறுபடியும் பூட்டுவார்கள். நம்ம வண்டிமாடு செவலை விஷயம் உனக்குத் தெரியும். தாத்தா இருந்தவரைக்கும் அதன் கழுத்தில் ஒரு கீறல் கிடையாது. தாத்தா போன வருஷமே மார்த்தாண்டத்துக்கு மரச்சீனி ஏற்றி ஏற்றி அதன் கழுத்தைப் புண்ணாக்கி, புண்ணானதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். லாரி எந்தத் திசையில் போனது என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டு டாக்டர் வீட்டு மாடு! அத்தான்மேல் எனக்கு மரியாதை உண்டு, உன்னைப் படிக்கவைத்த மனிதர். ஆனால் அந்த ஒரு காரியத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். பதினாறு வருஷம் அந்த மாடு சுமந்த சோற்றைத் தின்றவர்கள் நாம்.

குதிரையில் அந்தப் புண் சேணத்துக்கு அடியில் வரும். கண்ணுக்கே தெரியாது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு நல்ல கம்பளியும் பளபளக்கும் தோலும் தெரியும், அடியில் முதுகு வெந்துகொண்டிருக்கும். குதிரையை வாங்கிவிட்டுச் சரியாகக் கவனிக்காமல் விடுவது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. எழுநூறு வருஷத்துக்கு முன் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறான். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும்போது பழையகாயல் என்று பலகை வருமே, அங்கேதான் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவாராம், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். காரணமும் சொல்கிறான்: இங்கே குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துத் தீனியாகப் போட்டார்கள். குதிரை விற்ற வியாபாரிகளோ லாடம் கட்டுகிறவர்களையும் வைத்தியர்களையும் இந்தப் பக்கமே வரவிடவில்லை. குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு வியாபாரம். பொன்னைக் கொட்டி வாங்கத் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் கூடாரம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் குதிரையைப் பற்றிக் கேள். சேணத்தோடு சேர்த்துக் குதிரை சுமக்கும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மார்வாரி 375 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள், 75 கிலோதான் கணக்கு. அதில் சேணமே பத்துக் கிலோ போகும். நீ தப்பித்துவிடுவாய். படத்தில் உன் பக்கத்தில் நிற்கும் அந்தத் தடித்த பையனுக்குப் பெரிய குதிரை உண்டா என்று கேட்கச் சொல். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா, மாற்றுக் குதிரை கூட வருமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி எத்தனை தூரம் என்றும் கேள். பதில் சொல்லத் தயங்குகிற ஆளோடு போகாதே.

அங்கே போனபின், தினமும் காலையில் சேணம் போடும் முன் முதுகை உன் கையால் தடவிப் பார். சாயங்காலம் கழற்றியதும் மறுபடியும் பார். வியர்வையில் நனைந்த இடங்களுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்தே கிடந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று அர்த்தம். குளம்பைத் தூக்கிக் கல் இருக்கிறதா என்று பார். கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி நட, அதன் மூச்சு அடங்கட்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தெரியுமா? இரைப்பையும் சின்னது. தப்பான தீனி உள்ளே போனால் வெளியே வர வழியில்லை, வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். அதனால் பிரியமாக இருக்கிறேன் என்று பிஸ்கட்டும் ரொட்டியும் ஊட்டாதே, உன் கூட்டுகாரர்களையும் ஊட்டவிடாதே. குதிரைக்காரர் கொடுப்பதுதான் தீனி. அந்தக் குதிரைக்காரரை அண்ணா என்று கூப்பிடு, இந்தியில் என்ன சொல்வார்களோ அப்படி. அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு நீ சாப்பிடு.

உனக்கான விஷயம் கொஞ்சம்தான். தாடைப்பட்டை போட்ட ஹெல்மெட். அங்கவடியில் கால் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி சின்னக் குதிகால் வைத்த பூட்ஸ், ஓடுகிற ஷூ வேண்டவே வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். போகும் முன் டெட்டனஸ் ஊசி. குதிரைச் சாணத்தில் அந்தக் கிருமி இருக்கும், இதில் அலட்சியம் கூடாது.

இப்போது நான் யோசித்ததைச் சொல்கிறேன். ராஜஸ்தானில் இந்தச் சவாரிக் காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாளே ஓட வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை. பெங்களூரில் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று மாதம் சனி, ஞாயிறு போய், ஏறக் கற்பதற்கு முன் லாயம் கூட்டவும் முதுகு தேய்க்கவும் கற்றுக்கொள். தை பிறந்ததும் போ. நடுவில் ஐப்பசித் திருவிழாவுக்கு இங்கே வந்து அம்மையோடு ஆறாட்டும் பார்த்துவிடலாம். இல்லை, டிக்கெட் போட்டாயிற்று, இப்போதே போகத்தான் வேண்டும் என்றால் போ. இரண்டும் உன் இஷ்டம். நான் தையைத்தான் சொல்வேன், அம்மையும் அதையேதான் சொல்வாள்.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012 கணக்கெடுப்பில் நாட்டில் ஆறே கால் லட்சம் குதிரையும் மட்டக்குதிரையும் இருந்தன. 2019இல் மூன்றரை லட்சம்கூட இல்லை. வண்டி போயிற்று, ஏற்றிப் போக ஆளில்லை. உன்னைப் போன்றவர்கள் கொடுக்கும் காசில்தான் இனி பல குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் கிடைக்க வேண்டும். அந்த வகையில் நீ செய்வது நல்ல காரியம்.

ஒரேயடியாகப் பிரசங்கம் பண்ணிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே மக்களே. நம்ம குடும்பத்தில் உன்னைப் போலத் தைரியம் யாருக்கும் கிடையாது. தாத்தா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கி ஊர்வலம் போயிருப்பார். மாமி நேந்திரங்காய் வறுத்து இரண்டு டப்பா நிறைய வைத்திருக்கிறாள், முந்திரிக்கொத்தும் செய்து தருகிறேன் என்கிறாள். எல்லாம் பார்சலில் வரும், கூட்டுகாரர்களுக்கும் கொடு. அந்தத் தடித்த பையனுக்கும்தான். எல்லோரையும் ஒருமுறை இங்கே கூட்டிக்கொண்டு வா, மாத்தூர் தொட்டிப்பாலமும் பேச்சிப்பாறையும் காட்டுகிறேன். ஹெல்மெட்டுக்கு என்று கொஞ்சம் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். தையா ஐப்பசியா, எதுவானாலும் டெட்டனஸ் ஊசி போட்ட அன்றைக்கு எனக்கு ஒரு போன் பண்ணிவிடு.

அன்புடன்,
மாமா